தவிட்டுக்கு விற்ற பிள்ளை

"சரியாயிடுச்சா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பஸ்ஸில் பார்த்தால் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் நின்றால் கேட்கிறார்கள். போன மாதம் கீழப்பழுவூரிலிருந்து ஒரு பெண் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீடு தேடியே வந்துவிட்டாள். அந்தக் குழந்தை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்த ஆஸ்பத்திரியில கொண்டுபோய் வச்சா சரியாயிடுமாக்கா? உங்க பையனுக்கு சரியாயிடுச்சாமே" என்றாள். காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பஸ் போன பிறகு எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. அவளிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊர் திருமானூருக்குப் பக்கம். கொள்ளிடத்துத் தண்ணீர் பாயும் நிலம்தான், ஆனால் நிலம் எங்களுடையதில்லை. என் வீட்டுக்காரர் கரும்பு வெட்டப் போவார். வெட்டு இல்லாத மாதங்களில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போவார். அவருடைய அக்கா கண்ணம்மாவும் எங்களோடுதான் இருந்தார். கல்யாணமான வருஷமே புருஷன் பாம்பு கடித்துப் போய், பிள்ளைகுட்டி இல்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

எனக்கு முதலில் பிறந்த இரண்டும் ஆண். இரண்டும் தங்கவில்லை. முதலாவது பால்குடியிலேயே போய்விட்டது. இரண்டாவது தவழ்ந்து, எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, 'அம்மா' என்று சொல்லப் பழகியது. பழகிய அதே வாரம் பேதி கண்டது. கடைசி மூச்சு வரைக்கும் அந்த வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தது. வேறு வார்த்தை அதற்குத் தெரியாது.

அதனால் மூன்றாவது பிறந்ததும் தொப்புள்கொடி அறுத்த கையோடு முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்தார்கள். அண்ணி ஒரு படி தவிட்டைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டார். பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் பக்கம் செய்கிற காரியம்தான் இது. வேண்டாத பிள்ளை, தவிட்டுக்கு விற்றுப் போன பிள்ளை என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம். பெயரும் பிச்சை என்று வைத்தோம். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான். வாங்கியவள்தான் அம்மா, பெற்றவளை அப்படிக் கூப்பிடக்கூடாது. ஆக, அண்ணியை அவன் அம்மா என்றான். அண்ணியின் தம்பி பெண்டாட்டியான நான் அவனுக்கு அத்தை ஆனேன். பெற்ற அப்பன் மாமா ஆனார்.

அதில் எனக்கு வருத்தம் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பால் கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் நான்தானே, வாய் வார்த்தை போனால் போகட்டும், உயிரோடு இருக்கிறானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பிச்சை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு முருகன் பிறந்தான். அதற்குள் பயம் கொஞ்சம் விட்டிருந்தது. அவனை யாருக்கும் விற்கவில்லை. அவன் என்னை வாய் நிறைய அம்மா என்று கூப்பிட்டான். பிச்சைக்கு மட்டும் பழைய கணக்கைக் கலைக்க எவருக்கும் துணிச்சல் வரவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்துவானேன் என்று விட்டுவிட்டோம். ஊர்ப் பிள்ளைகள் விடுவார்களா? "ஒன்ன தவிட்டுக்கு வாங்கினாங்கடா" என்று எல்லாப் பிள்ளைகளையும்தான் சீண்டுவார்கள். மற்றப் பிள்ளைகள் ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டு, பொய் என்று தெரிந்துகொள்ளும். இவன் கேட்டபோது பொய் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாயில்லை.

முதலில் ராத்திரியில் பாயை நனைத்தான். பிறகு சோறு இறங்கவில்லை. முழங்கைக்குக் கீழே தன்னைத்தானே கடித்துக்கொண்டான், பல் பதிந்த இடமெல்லாம் கறுத்துப்போனது. ஒரு நாள் மத்தியானம் நான் வயலிலிருந்து வந்து பார்த்தால் முருகனைக் காணோம். தேடிப் போனால் குப்பைமேட்டில் முறத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். எறும்பு மொய்த்து உடம்பெல்லாம் தடித்திருந்தது. பிச்சை கொஞ்ச தூரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய கை நிறையத் தவிடு இருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது. பேய் பிடித்திருக்கிறது என்று சொல்வது சுலபமாக இருந்தது, அதைச் சொன்னோம். பூசாரி வேப்பங்குழையால் அடித்தார், பிறகு பிரம்பால் அடித்தார். அடி வாங்கும்போது அவன் அழவில்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர்தான் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே இவன் மேல ஒரு அடி விழுந்துச்சுன்னா உங்களத்தான் போலீஸ்ல சொல்லுவேன்" என்றார். மனசு கெட்டுப்போன பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று ஊர் பேரைச் சொல்லி அனுப்பினார். இருந்த ஆடுகளை விற்றோம். அரியலூரில் ரயிலேறினோம். பிச்சை ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே வந்தான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தன் பிள்ளைகளை எழுப்பி வேறு இடத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள். அவள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது. வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கிச் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், பின்னால் ஒரு சமையல் கொட்டகை. என் வீட்டுக்காரர் எங்களை விட்டுவிட்டு, முருகனைப் பார்த்துக்கொள்ள அண்ணி இருக்கிறார் என்று தைரியம் சொல்லிவிட்டு ரயிலேறிப் போனார்.

முதல் நாட்கள் முழுக்கக் காத்திருப்பதுதான். பெஞ்சில் உட்கார்ந்தால் இன்னொரு பெஞ்சுக்குப் போகச் சொல்வார்கள். தலையில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டி, மூளையில் ஓடுவதைக் காகிதத்தில் கோடு கோடாக எழுதும் ஒரு மெஷின் இருந்தது. அது மனசைப் படிக்கிற மெஷின் என்று நினைத்து நான் நடுங்கினேன். இவன் நெஞ்சில் இருப்பது தெரிந்தால் என்னைத்தானே கேட்பார்கள்? வலிப்பு நோய் ஏதும் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும் என்று நர்ஸ் சொன்னாள். ஒன்றும் இல்லை. மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார்கள். அது அறிவு குறைவா என்று பார்ப்பதற்கு. அதுவும் இல்லை. கடைசியில் பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "பெரியவங்களுக்கு வர்ற மாதிரி பிள்ளைங்களுக்கும் மனச்சோர்வு வரும்மா. அழத் தெரியாது, சொல்லத் தெரியாது, அதனால இப்படியெல்லாம் செய்யும்" என்றார். ராத்திரிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் நாக்கு வறளும், தண்ணீர் கேட்க வாய் வராமல் சொம்பைத் தட்டுவான்.

அங்கே ராத்திரிகள் கொடுமையானவை. ஏதாவது ஒரு அறையில் ஒரு பிள்ளை தலையைச் சுவரில் மோதிக்கொண்டே இருக்கும். அந்தத் தாய் தடுத்துத் தடுத்து ஓய்ந்து, தன் கையைச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு தூங்கிப்போவாள். நாங்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதில்லை. ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால் அவள் அடுப்பை இன்னொருத்தி பற்றவைப்பாள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் வறுத்த கடலையும் கருவாடும் கொண்டுவருவார். கருவாடு நாற்றம் பிடிக்காத ஒரு நர்ஸ் ஜன்னலைச் சாத்துவாள். அவர் பிச்சையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு அடுத்த ரயிலுக்குக் கிளம்புவார்.

வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவர் தன் மகள் சாந்தியோடு பக்கத்து அறையில் இருந்தார். சாப்பிடாமல் எலும்பாகி வந்தவள் அவள். எங்கள் கண்முன்னாலேயே தேறினாள், பாட ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்குப் போன அன்றைக்குச் சின்ன டாக்டர் ஒருவர், "இந்த வார்டுலேயே நல்லா வரப்போற பொண்ணு இவதான்" என்றார். அப்போது அவர் பார்வை ஒரு கணம் பிச்சைமேல் பட்டு நகர்ந்தது. எனக்குப் புரியாமல் இல்லை.

பிச்சை பேசியது சமையல் கொட்டகையில்தான். ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். வாயில் வைத்தான். சாதாரணமாக, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவன் மாதிரி, "அத்த, உப்பு பத்தல" என்றான். நான் எழுந்த வேகத்தில் உப்பு ஜாடியே கவிழ்ந்துபோனது. சுற்றி இருந்த பெண்களெல்லாம் ஓடிவந்தார்கள். யாரோ போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்கள்.

டாக்டரம்மா சிரித்தபடி வந்தவர், அவன் மறுபடி அத்தை என்றதும் என்னைப் பார்த்தார். "அத்தையா? அப்ப இவனோட அம்மா வரலையா? இத்தன நாளா நீங்கதான் அம்மான்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நான்தாங்க அம்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். முறம், தவிடு, குப்பைமேடு, செத்துப்போன இரண்டு, முருகனை இவன் கொண்டுபோய் வைத்தது. பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் தவிடு என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டரம்மா அவரை வெளியே போகச் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும் முன்னால் டாக்டர்கள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். வெளியே போன பிறகு இந்தப் பிள்ளை தேறுமா, திரும்பி வருமா என்று முன்கூட்டியே சொல்லிப் பார்ப்பதற்காக அந்தக் கூட்டம். எங்களையும் கூப்பிட்டு ஓரமாக உட்காரவைப்பார்கள். பிச்சைக்கு அந்தக் கூட்டம் நடக்க இருந்த வாரம்தான் சாந்தி திரும்பி வந்தாள். முன்னைவிட மெலிந்து, அப்பாவின் தோளில் துணி மாதிரி கிடந்தாள். அவள் முதலில் ஆஸ்பத்திரிக்கு வரும் முன்னால் அந்த வீட்டில் அப்பனும் ஆத்தாளும் எப்படிச் சண்டை போட்டார்களோ அப்படியேதான் இப்போதும் போட்டுக்கொண்டிருந்தார்களாம். அவர் என்னைப் பார்த்து, "ஒண்ணுமே மாறலம்மா, இவ மட்டும் எப்படி மாறுவா" என்று சொல்லிவிட்டு அழுதார். சாந்தி அந்த முறை உயிரோடு வீட்டுக்குப் போகவில்லை.

கூட்டத்தில் டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "பையன் எப்படி இருக்கான்னு பார்த்து இனிமே எப்படி இருப்பான்னு என்னால சொல்ல முடியாதும்மா. இங்க நல்லா இருந்தவங்க திரும்பி வந்திருக்காங்க, மோசமா இருந்தவங்க வராமலும் இருந்திருக்காங்க. எந்த வீட்டுக்குப் போறான்னு பார்த்துத்தான் சொல்ல முடியும். நீங்க அவனுக்கு அம்மாவா இருங்க. அவன் கூப்பிட்டா என்னன்னு கேளுங்க. அவ்வளவுதான்."

"கூப்பிட்டு, ரெண்டாவது போன மாதிரி இவனும் போயிட்டா? நீங்க பொறுப்பு ஏத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை, கத்தித்தான் கேட்டேன்.

"இல்லம்மா. என்னால அப்படிச் சொல்ல முடியாது" என்றார் அவர். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்பதால்தான் அவரை இன்றுவரை கும்பிடுகிறேன்.

ஊருக்கு வந்தோம். விற்றதைத் திரும்ப வாங்க வேண்டுமானால், அதே தவிட்டை நான் அண்ணியின் மடியில் கொட்ட வேண்டும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீயே பாத்துக்க, என்ன கேக்காத" என்று கரும்பு வெட்டப் போய்விட்டார். அரிசி மில்லில் ஒரு படி தவிடு வாங்கி வந்து மூலையில் வைத்தேன். வைத்தது வைத்தபடி கிடந்தது. அண்ணிக்கு இந்த உலகத்தில் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு சொத்து இல்லை. அதை எப்படிக் கேட்பது? கேட்டு வாங்கி, இவனும் செத்துப்போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? தவிட்டில் வண்டு விழுந்தது.

ஒரு நாள் நான் அடுப்படியில் இருந்தபோது அண்ணி வந்து எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். முந்தானையை மடியில் விரித்தார்.

"கொட்டு" என்றார்.

"என்னங்கண்ணி?"

"மாட்டுக்கு வாங்கினதுன்னா இத்தன நாளா மூலையில வச்சிருப்பியா? எனக்குத் தெரியும் ராசாத்தி. கொட்டு."

கொட்டினேன். அவர் முந்தானையை முடிந்துகொண்டு எழுந்து போய், பிச்சையைக் கூப்பிட்டு, "இனிமே இவதான்டா ஒனக்கு அம்மா. நான் அத்த" என்றார். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தலையை ஆட்டவில்லை.

அதற்குப் பிறகு அவன் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. அத்தை என்றும் கூப்பிடவில்லை. அண்ணியையும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பசித்தால் அடுப்படி வாசலில் வந்து நிற்பான். வேண்டியதைக் கையால் காட்டுவான். இருந்ததையும் கெடுத்துவிட்டோமே என்று நான் நொந்துபோனேன். மருந்து வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடம் சொல்லிச் சண்டை போட்டேன். "பொறுத்திருங்க" என்றார். பொறுத்திருங்க என்று சொல்வதற்கு ஒரு டாக்டரா என்று ரயில் ஸ்டேஷன் வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்த ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, உடம்பைத் தொட்டால் கை சுட்டது. கண் செருகிக்கொண்டது. வெள்ளம் வந்து ரோட்டை உடைத்துவிட்டதால் பஸ் இல்லை, அரியலூருக்குக் கொண்டுபோக வழியில்லை. பட்டப்பகலிலேயே வீடு இருட்டிக் கிடந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன், அண்ணி கால்மாட்டில் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றான் பிச்சை.

என் உயிர் போய்விட்டது. இரண்டாவது பிள்ளை கடைசியாகக் கிடந்ததும் அதே இடம்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணியும் திறக்கவில்லை.

"அம்மா" என்றான் மறுபடியும்.

"உங்களத்தாங்கண்ணி கூப்பிடுறான்" என்றேன். "இத்தன வருசமா உங்களத்தான அம்மாங்கறான். நீங்க கேளுங்க."

"நான் தவிட்ட வாங்கிட்டேன்" என்றார் அண்ணி. அவர் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. "என்னான்னு கேளுடி. புள்ள கூப்பிடுறான்ல."

"என்னப்பா" என்றேன். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எமன் வருவான் என்றுதான் பார்த்தேன். வேறு எதற்கு?

இதையெல்லாம் படித்துவிட்டு, சரியாயிடுச்சா என்றுதான் அந்தக் கீழப்பழுவூர்ப் பெண் கேட்பாள். அதனால் சொல்லிவிடுகிறேன். பிச்சை இப்போது வளர்ந்த ஆள். சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றுகிறான். ஒருமுறை அந்த ஆஸ்பத்திரிக்கே திரும்பவும் கூட்டிப்போய் வைத்திருந்தோம். வருஷத்தில் சில வாரம் அவனுக்குப் பேச்சு நின்றுவிடும், முழங்கையைப் பல் தேடும். பிறகு தானாக வருவான். கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். ஒவ்வொரு தடவையும் வாசலை ஒருமுறை பார்த்த பிறகுதான் எனக்கு 'என்னப்பா' என்று வாயில் வருகிறது. இதற்குப் பெயர் சரியாயிடுச்சு என்பதா இல்லையா என்று டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் விட்ட அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வெயில் அடித்தது. அவன் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றான். கஞ்சியை அண்ணிதான் ஆற்றி எடுத்துவந்தார். காய்ச்சலில் அவன் கூப்பிட்டது எங்களில் யாரை என்று அதுவரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அண்ணி என்ன நினைத்துக்கொண்டு அந்தக் கிண்ணத்தை எடுத்துவந்தாரோ எனக்குத் தெரியாது. முகத்தைத் துடைத்து, தலையை முடிந்துகொண்டு வந்திருந்தார்.

அவன் ஒரு வாய் குடித்தான். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"அத்த, உப்பு பத்தல" என்றான்.

அண்ணி உள்ளே போய் உப்பு எடுத்துவந்து போட்டுக் கலக்கிக் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். அங்கிருந்து அவர் அழுகிற சத்தம் வந்தது. நான் போகவில்லை. அத்தை என்று கூப்பிடப்பட்டவளின் அழுகை எனக்குத் தெரியும், பக்கத்தில் ஆள் வந்தால் அது இன்னும் அதிகமாகும்.